நவதானியம் கடல் கடந்த கதை

எங்கள் கம்பெனி ஜெர்மனிக்கு மெத்தை அனுப்பப் போகிறதாம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் ‘எங்கள்’ என்றுதான் வாயில் வருகிறது, மன்னிக்கவும். பேக்கிங்கில் இப்போது இருப்பவர்கள் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“அண்ணே, ஆஸ்திரேலியாவுக்கு மொதமொத அனுப்பினப்ப என்னமோ ஆச்சாமே? முதலாளிகிட்ட கேட்டா சிரிக்கிறாரு. வக்கீல் சார்கிட்ட கேட்டா போனை வெச்சுடறாரு. நீங்களாவது எழுதிக் குடுங்க.”

வெளிநாட்டில் வியாபாரம் செய்வதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமானால் படித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்கலாம். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவன். கையில் பூசணிக்காயோடு நின்றேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, ‘தோற்றுப் போனால் என்ன செய்வது’ என்று கவலைப்பட்டு, முடிவு வருவதற்கு முன்பே மெத்தைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பாஸாகியிருந்தேன் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் எனக்குப் பஞ்சு அடிக்க வந்துவிட்டது. என் குணம் அப்படி. பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று நினைப்பேன். பிடித்தால், ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது என்று நினைப்பேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான் உருப்பட்டதே பெரிய விஷயம் என்பாள் என் மனைவி சரோஜா. உருப்பட்டதற்குக் காரணமே அதுதான் என்பது என் கட்சி.

பஞ்சு அடித்தது, உறையில் திணித்தது, தும்மியது என்று பல வருடங்கள் ஓடின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. இலவம்பஞ்சு மூக்கில் ஏறினால் எல்லா வருடமும் ஒரே வருடம்தான்.

முதலாளி பெயர் சம்பந்தம். அவர் அப்பா காலத்தில் அது கல்யாணத்துக்கு மெத்தை, தலையணை தைக்கும் கடை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் அறை எடுத்துத் தங்க ஆரம்பித்ததும், அவர்கள் தரையில் கால் மடக்கி உட்கார முடியாமல் படும் பாட்டைச் சம்பந்தம் முதலாளி பார்த்தார். நாம் பார்த்தால் பரிதாபம் வரும். அவர் பார்த்தால் வியாபாரம் வரும். தலையணையை வட்டமாகத் தைத்தார். காவித் துணி போட்டார். ‘தியான மெத்தை’ என்று பெயர் வைத்தார். உள்ளே இருந்தது அதே இலவம்பஞ்சுதான். சதுரமாக இருக்கும்போது தூக்கம் வந்தது, வட்டமானதும் ஞானம் வந்துவிட்டது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் பெரிய ஷெட் போட்டோம். தையலுக்குத் தேவகி தலைமையில் பெண்கள், பேக்கிங்குக்கு நான்.

முதலாளியின் தோரணையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. அவர் யாரையும் திட்ட மாட்டார். நியாயமான வேலை சொல்வதானால் நின்றுகொண்டே சொல்வார். கொஞ்சம் நியாயம் கம்மியான வேலை என்றால் உட்காரச் சொல்லி டீ வரவழைப்பார். நியாயமே இல்லாத வேலை என்றால் பிஸ்கட்டும் வரும். தட்டை நம் பக்கமாக ஒரு விரலால் தள்ளிவிட்டு, “சரோஜாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?” என்று கேட்பார். “அண்ணே, பிஸ்கட் வந்துச்சுன்னா எதுக்கும் தலையாட்டாதீங்க” என்று தேவகி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்று, பஞ்சாங்கம். மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். ராகு காலத்தில் ஈமெயில் வந்தால்கூடத் திறக்க மாட்டார். “வந்தது வந்துடுச்சு, நாம பார்த்தாத்தானே அது வந்த மாதிரி” என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் சாந்தி அம்மா வந்தார். ஆஸ்திரேலியாக்காரர். சொந்தப் பெயர் வேறு. இங்கே வந்து பத்தாவது கிரிவலத்தில் சாந்தி ஆகிவிட்டார். மெல்போர்னில் யோகா சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். ஒரு கன்டெய்னர் நிறைய மெத்தை வேண்டும், விற்றுப் போனால் வருடா வருடம் வேண்டும் என்றார். முதலாளிக்கு அன்று முழுவதும் கால் தரையில் படவில்லை.

சென்னையிலிருந்து வக்கீல் வந்தார். வரதராஜன் சார். வெளிநாட்டு வியாபாரச் சட்டத்தில் கெட்டிக்காரர் என்று பெயர். நிஜமாகவே கெட்டிக்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை காரில் வந்து இறங்குவார். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். முதலாளி இடையிடையே சந்தேகம் கேட்பார். அந்தச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லியே வக்கீலுக்கு முடி கொட்டிவிட்டது.

முதல் சண்டை லேபிளில் வந்தது. இங்கே எங்கள் மெத்தை அட்டையில் ‘முதுகு வலி, மூட்டு வலி, மன வலி தீரும்’ என்று போட்டிருந்தோம்.

“தீரும்னு போட்டா அது மருந்து ஆயிடும் சார். மருந்துன்னா அங்க வேற சட்டம். பரிசோதனை, அத்தாட்சி எல்லாம் கேப்பாங்க” என்றார் வக்கீல்.

“அப்ப ‘தீர வாய்ப்புண்டு’ன்னு போடுங்க.”

“அதுவும் கூடாது சார்.”

“‘தீரலாம், தீராமலும் போகலாம்’?”

வக்கீல் தண்ணீர் குடித்தார். ஒவ்வொரு வலியாக அடித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அட்டையில் மிஞ்சியது ‘உட்காருவதற்கு’ என்ற ஒரே வார்த்தை.

அடுத்தது பெயர். மலைப் படமும் அதன் கீழே எங்கள் பெயரும் இருந்த முத்திரையை அங்கேயும் பதிவு செய்யப் பார்த்தால், அதே மாதிரி ஒரு மலையை அங்கே யாரோ ஊதுபத்திக்காரர் ஏற்கனவே பதிவு செய்து வைத்திருந்தார்.

“மலை இங்க இருக்கு. அங்க எப்படி சார் பதிவு பண்ணுவான்? நம்ம தாசில்தார் கையெழுத்து வேணாமா?” என்று முதலாளி கொதித்தார். இங்கே பதிவு செய்தது இங்கே மட்டும்தான் செல்லும், ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று வக்கீல் விளக்கினார். மலையை எடுத்துவிட்டுத் தாமரை போட்டோம்.

பிறகு ஒப்பந்தம். தகராறு வந்தால் எந்த ஊர்க் கோர்ட்டில் பேசுவது என்று அதில் எழுத வேண்டுமாம். முதலாளி நம்மூர்க் கோர்ட் என்றார், நடந்தே போய்விடலாம் என்பது அவர் காரணம். சாந்தி அம்மா மெல்போர்ன் என்றார், அவர் காரணமும் அதுதான். கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிங்கப்பூர் என்று வக்கீல் எழுதினார்.

“சண்டை போடறதுக்கு சிங்கப்பூர் போகணுமா?”

“சண்டை வராம இருக்கத்தான் சார் அவ்வளவு தூரத்துல வெக்கிறது.”

இதெல்லாம் முதலாளியின் கவலைகள். என் கவலை கடைசியாக வந்தது. சரக்கைக் கட்டியவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய உறுதிமொழி ஒன்று இருக்கிறது. கம்பெனித் தாளில், பெயர் எழுதி, அதற்கு மேல் கையெழுத்து. அந்த நாட்டில் பயிர்களுக்குப் பூச்சியும் நோயும் வெளியிலிருந்து வந்துவிடக்கூடாது என்பதில் ரொம்பக் கண்டிப்பாக இருக்கிறார்கள். அதற்காகக் கேட்கிறார்கள். வரதராஜன் சார் ஷெட்டுக்கே வந்து, எல்லோரையும் நிற்க வைத்து, வாத்தியார் மாதிரி விரல் விட்டுச் சொன்னார்.

“பெட்டிக்குள்ள, கன்டெய்னருக்குள்ள வைக்கோல் கூடாது. இலை, தழை கூடாது. விதை கூடாது. பழம், காய் கூடாது. மண்ணு ஒட்டியிருக்கக் கூடாது. கீழ வெக்கிற மரச் சட்டம் சூடு பண்ணி முத்திரை போட்டதா இருக்கணும். பஞ்சுல ஒரு கொட்டை இருக்கக் கூடாது. புரியுதா?”

“புரியுது சார்” என்றோம்.

“இதுல யார் கையெழுத்து?”

“நம்ம துரைக்கண்ணு போடுவான்” என்றார் முதலாளி, நின்றுகொண்டே. நியாயமான வேலைதான்.

நான் வக்கீலிடம் கேட்டேன். “சார், ஏதாவது தப்பாப் போயிடுச்சுன்னா அந்த நாட்டுப் போலீஸ் இங்க வந்து என்னைப் புடிச்சுட்டுப் போவாங்களா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களையா? டிக்கெட் செலவு கட்டுப்படியாகாது துரைக்கண்ணு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வேறொரு பயம் இருந்தது. என் மகள் நித்யா நர்ஸ். அதே ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது அல்லவா? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே போனால் அவள் நித்யா இல்லை, மிஸ் துரைக்கண்ணு. விமான நிலையத்தில் இறங்கி என் பெயரைச் சொல்லித்தான் அவள் உள்ளே போக வேண்டும். அந்தப் பெயரை நான் இங்கே ஒரு தாளின் அடியில் எழுதி முன்கூட்டியே அனுப்பி வைக்கிறேன்.

அதனால் நான் பஞ்சைச் சல்லடை போட்டுச் சலித்தேன். தையல் பெண்களைப் பஞ்சுக்குள் கையை விட்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன். மரச் சட்டங்களில் முத்திரை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புகை போடுகிறவர்கள் வந்து தார்ப்பாய் மூடி மருந்துப் புகை போட்டுச் சான்று கொடுத்தார்கள். காலிக் கன்டெய்னர் வந்ததும் அதற்குள் தவழ்ந்து தவழ்ந்து துடைத்தேன்.

“அவங்க வூட்ல ஒரு நாளாவது இப்படிப் பெருக்கியிருக்காரான்னு சரோஜா அக்காவைக் கேக்கணும்” என்றாள் தேவகி.

சரக்கு ஏற்றும் நாளை முதலாளி பஞ்சாங்கத்தில் தேடி எடுத்தார். காலையில் பூஜை. கன்டெய்னருக்கு மாலை, லாரிக்குச் சந்தனம், சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம், பூசணிக்காய் உடைக்க நான். வக்கீல் ஜரிகை வேட்டியில் வந்திருந்தார். “நீங்கதான் சார் கற்பூரம் ஏத்தணும், உங்களாலதான் இது நடக்குது” என்று முதலாளி சொன்னார். வக்கீல் மறுக்கவில்லை. சாந்தி அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று முதலாளி சொன்னதால், தேவகி தன் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் கற்பூரம் காட்டினார். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நான் துடைத்து வைத்த கன்டெய்னருக்குள் போனார். கடைசிச் சுவர் வரைக்கும் போனார். கும்பிட்டார். வெளியே வந்தார். நான் பூசணிக்காயை உடைத்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் பெட்டிகளை ஏற்றினோம், கதவைப் பூட்டினோம், சீல் வைத்தோம். நான் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். இலை இல்லை, விதை இல்லை, பழம் இல்லை, மண் இல்லை.

தட்டு போகும்போது நிறைந்திருந்தது, வரும்போது காலியாக இருந்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கப்பல் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாள் கழித்துச் சாந்தி அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. ராகு காலம் முடிந்ததும் முதலாளி திறந்தார். துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்து பார்த்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். கூடவே புகைப்படம்.

கடைசிச் சுவரோரம் ஒரு மஞ்சள் துணி. துணியைக் கிழித்துக்கொண்டு, இருட்டில் வளர்ந்து வெளுத்துப்போன முளைகள், ஒரு சாண் உயரத்துக்கு. திருவிழாவுக்கு வளர்க்கிற முளைப்பாரி மாதிரி அப்படி ஓர் அடர்த்தி. முதலாளி தட்டில் கொண்டுபோய் வைத்த தேங்காய் கப்பல் ஆட்டத்தில் வெடித்து, அதன் தண்ணீர் முழுவதும் நவதானிய முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முதலாளி அந்தப் படத்தைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “ஒன்பதும் முளைச்சிருக்கு துரைக்கண்ணு! எவ்வளவு நல்ல சகுனம்!”

கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

சகுனத்தின் கீழே அதிகாரிகள் எழுதியிருந்ததை வக்கீல் போனில் வாசித்துக் காட்டினார். அழுகிய எலுமிச்சம்பழம். வெடித்த தேங்காய். காய்ந்த மாவிலை. மலையடிவாரத்து மண், ஒரு பொட்டலம். இது மட்டும் சாந்தி அம்மாவே ஆசைப்பட்டுக் கேட்டது. பிறகு ஒன்பது வகை விதை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயருடன்.

“நம்மூர் மளிகைக் கடைக்காரனுக்கே ஒன்பது பேரும் ஒழுங்காத் தெரியாது. எப்படிப் பிரிச்சிருக்கான் பாருங்கண்ணே” என்று தேவகி வியந்தாள்.

உள்ளே வைக்கக் கூடாது என்று வக்கீல் ஷெட்டில் விரல் விட்டுச் சொன்ன பொருள்களில் வைக்கோல் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் நாங்கள் அனுப்பியிருந்தோம். விட்டுப்போனது ஒன்றுதான்.

“ஏன் சார் இதெல்லாம் உள்ள வெச்சீங்க? நான் அவ்வளவு சொன்னேனே!” என்று போனில் வக்கீல் அலறினார்.

“நீங்க சரக்கைப் பத்திச் சொன்னீங்க. இது சரக்கு இல்ல சார், சாமி” என்றார் முதலாளி.

வக்கீல் போனை வைத்துவிட்டார். சொல்ல ஏதாவது இருந்திருந்தால் அன்றைக்குக் கற்பூரம் ஏற்றும்போதே சொல்லியிருப்பார்.

ஆனால் அந்த நாட்டு அதிகாரிகள் சாமியை விட்டுவிட்டு, உறுதிமொழியைப் பிடித்துக்கொண்டார்கள். இலை இல்லை, விதை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்? ஏன் போட்டார்? விளக்கம் வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் சரக்கு முழுவதையும் அழிக்கலாம், இல்லை திருப்பி அனுப்பலாம், இனிமேல் இந்தக் கம்பெனிக்கு வழியே இல்லை என்றும் சொல்லலாம்.

அடுத்த நாள் வக்கீல் நேரில் வந்தார். கொஞ்ச நேரம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார். டீ வந்தது. பிஸ்கட் வந்தது. சாதாரண பிஸ்கட் இல்லை, நடுவில் க்ரீம் வைத்தது.

“சரோஜாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?”

தலையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டேன்.

வக்கீல் ஒரு தாளை நீட்டித் தமிழில் சொன்னார். பேக்கிங் மேற்பார்வையாளர் துரைக்கண்ணு ஆகிய நான், நிர்வாகத்துக்குத் தெரியாமல், என் சொந்த நம்பிக்கையின் பேரில் மேற்படி பொருள்களை உள்ளே வைத்துவிட்டேன். என் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுத்துவிட்டது. இனிமேல் இப்படி நடக்காது.

“நான் வெக்கலையே சார்” என்றேன்.

“யாரு வெச்சான்னு இப்ப யாரு கேட்டா? கம்பெனி வெச்சதுன்னா கம்பெனி பொய் சொன்னதா ஆகும். ஒரு தொழிலாளி அறியாமையில செஞ்சான்னா மன்னிச்சுடுவாங்க.”

“நடவடிக்கைன்னு போட்டிருக்கே?”

“அது சும்மா துரைக்கண்ணு” என்றார் முதலாளி. “நான் உன் மேல நடவடிக்கை எடுப்பனா? எடுத்த மாதிரி. நீ என்ன, ஆஸ்திரேலியாவா போகப் போற?”

நான் போகப் போவதில்லை. என் பெயர் போகப் போகிறது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அவரிடம் ‘சரிங்க முதலாளி’ தவிர வேறெதுவும் சொல்லிப் பழகாத வாய். பேனாவை வேறு திறந்து கையில் கொடுத்துவிட்டார் வக்கீல். என் கண் சுற்றிச் சுற்றி மேஜை மேல் அலைந்தது. பஞ்சாங்கம் தெரிந்தது.

“முதலாளி, இன்னிக்கு அஷ்டமிங்க” என்றேன்.

முதலாளி சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அய்யோ, ஆமாம்! ஞாபகப்படுத்தின பாரு. நாளைக்கு வெச்சுக்கலாம் சார்.”

“நாளைக்கு நவமிங்களே” என்றேன்.

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் இவ்வளவு பெரிய ஒப்பந்தத்தையே நல்ல நேரம் பார்த்துத்தான் கையெழுத்து வாங்கியவர் அவர். இப்போது அஷ்டமிக்கு எதிராக எந்தச் சட்டத்தைக் காட்டுவார்?

தசமியன்று என் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்றேன். முதலாளியே பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, “ஆமாம் சார், இவன் ராசிக்குப் பேசவே கூடாது, எழுதறது எங்க” என்றார். அது விலகியதும் செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய் போனதும் பௌர்ணமி. பௌர்ணமி என்றால் எங்கள் ஊர் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கிரிவலக் கூட்டத்தில் வக்கீலின் கார் ஊர் எல்லையில் மாட்டிக்கொண்டு, அவர் அங்கேயே ஒரு கரும்பு ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் நான் சாமி கும்பிட்டதற்கெல்லாம் சேர்த்துப் பலன் அந்த வாரம் கிடைத்தது.

ஆனால் பஞ்சாங்கத்துக்கும் எல்லை உண்டு. பௌர்ணமிக் கூட்டம் கலைந்ததும் முதலாளி கூப்பிட்டார். வக்கீல் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் இப்போது ஒரு பஞ்சாங்கம் இருந்தது. சொந்தமாக வாங்கியிருக்கிறார்.

“நாள் சுத்தம். நட்சத்திரம் சுத்தம். யோகம் அமிர்த யோகம். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு ராகு காலமும் இல்ல, எமகண்டமும் இல்ல” என்றார். “போடுங்க துரைக்கண்ணு.”

டீ. க்ரீம் பிஸ்கட். பேனா.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

“முதலாளி, என் பேரு என் பொண்ணுக்குக் குடும்பப் பேராப் போகுதுங்க. அதே ஊருக்கு. அவ போய் எறங்கறதுக்கு முன்னாடி, பொய் சொன்னவன்னு அந்தப் பேரு அங்க போயி உக்காந்திருக்கக் கூடாது. நான் போட மாட்டேங்க.”

முதலாளி பிஸ்கட் தட்டை ஒரு விரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்த ஒரே நடவடிக்கை அதுதான் என்று பிறகு தேவகி சொல்லிச் சிரிப்பாள்.

“பரவாயில்ல சார். கையெழுத்துதானே, வேற யாராவது போடட்டும்” என்றார் வக்கீல். “தையல் பொம்பளை இருக்காங்களே, அவங்களைக் கூப்பிடுங்க. பெண்கள்னா பக்தியில வெச்சுட்டாங்கன்னு இன்னும் சுலபமா நம்புவாங்க.”

தேவகி வந்தாள். இடுப்பில் அளவு டேப்பும் கழுத்தில் நூலுமாக நின்றாள். வக்கீல் விஷயத்தைச் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். அந்தத் துணிச்சல் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

“நான் எப்படி சார் வெச்சிருக்க முடியும்? நான் வீடியோ எடுத்துக்கினு இருந்தேனே.”

“எந்த வீடியோ?”

“பூஜை வீடியோ சார். முதலாளி தட்டை எடுத்துக்கினு உள்ள போனது, கடைசியில வெச்சுட்டுக் கும்புட்டது, எல்லாம் இருக்கு. சாந்தி அம்மாவுக்கு அனுப்பினேனே. அவங்க கடையோட இன்டர்நெட் பக்கத்துல பாட்டெல்லாம் சேர்த்துப் போட்டிருக்காங்க. ‘புனித மலையின் ஆசியுடன்’னு.” போனைத் தேய்த்து வக்கீலிடம் நீட்டினாள். “நீங்க கற்பூரம் ஏத்தறது மொதல்லயே வருது சார். ஜரிகை வேட்டியில ரொம்ப லட்சணமா இருக்கீங்க.”

வக்கீல் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சின்னத் திரையில் அவர் கற்பூரத்தை மூன்று சுற்று சுற்றினார்; அவருக்குப் பின்னால், அவர் தடுக்கச் சொன்ன ஒவ்வொரு பொருளும் தட்டில் வரிசையாக உள்ளே போனது. ஓரத்தில் பூசணிக்காயோடு நான். வீடியோவுக்குக் கீழே ஆஸ்திரேலியாக்காரர்கள் நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள். துறைமுக அதிகாரிக்குக் கைகூப்பத் தோன்றியிருக்காது. ஆனால் பார்க்கத் தோன்றியிருக்கும்.

“இதை அவங்க பார்த்திருந்தா...” என்றார் வக்கீல், மெதுவாக.

“துரைக்கண்ணு வெச்சான்னு நாம எழுதியிருந்தா?” என்றார் முதலாளி.

இரண்டாவது பொய்யாகியிருக்கும். முதலாவதை அறியாமை என்று சொல்லிவிடலாம், இரண்டாவதை என்னவென்று சொல்வது? வக்கீல் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தன் பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “நல்ல வேளை, அன்னிக்கு அஷ்டமியாப் போச்சு” என்றார். நானும் தலையாட்டினேன்.

பிறகு நடந்தது சாதாரணம். நடந்ததை நடந்தபடி எழுதி முதலாளியே கையெழுத்துப் போட்டார், நல்ல நேரத்தில்தான். பூஜைப் பொருள்கள் வழிபாட்டுக்காக வைக்கப்பட்டவை, அவையும் சட்டப்படி சரக்குதான் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை, வைத்தது முதலாளியாகிய நான்தான், சரக்கைக் கட்டியவருக்கு இதில் பங்கில்லை. அந்த நாட்டுக்காரர்கள் முளைப்பாரியை எரித்தார்கள். மெத்தைகளுக்கு மறுபடியும் புகை போட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு எங்கள் பெட்டிகளை ஒன்று விடாமல் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். என் பெட்டியில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

நித்யா ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் கிளம்பும் நாளில் பெட்டியை நான் மூன்றாவது தடவை திறந்தபோது, புடவைக்கு அடியில் மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. சரோஜாவைப் பார்த்தேன். “அது சாமிங்க” என்றாள். எடுத்துப் பூஜை அறையில் வைத்தேன். சாமியை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு மகளை அனுப்பினோம். “அப்பா, மிஸ் துரைக்கண்ணுன்னு கூப்பிட்டாங்கப்பா. சட்டுனு நீங்கதான் பின்னாடி நிக்கிறீங்களோன்னு திரும்பிப் பார்த்தேன்” என்று போனில் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லையாம். சீக்கிரமே உள்ளே விட்டுவிட்டார்களாம். ஏன் அவ்வளவு சீக்கிரம் விட்டார்கள் என்று எனக்கு இன்னமும் கொஞ்சம் கவலைதான்.

இப்போது ஜெர்மனி. பேக்கிங் கூடத்தில் ‘உள்ளே வைக்கக் கூடாதவை’ என்று பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். வக்கீல் சார் எழுதிக் கொடுத்தது. எலுமிச்சம்பழம், தேங்காய், மாவிலை, நவதானியம் எல்லாம் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். பலகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பூசணிக்காய் உடைக்க என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. வருகிறேன். ஆனால் உறுதிமொழியில் கையெழுத்துப் போடப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பஞ்சைப் பாருங்கள், மரச் சட்டத்தைப் பாருங்கள், எல்லாம் பாருங்கள். அதற்குப் பிறகு முதலாளியின் கையில் இருக்கும் தட்டைப் பாருங்கள். போகும்போது நிறைந்திருந்த தட்டு வரும்போது காலியாக இருந்தால், பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, அன்று என்ன திதி என்று கேளுங்கள். பஞ்சாங்கம் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு நான் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் வருவேன்.